நாற்பதாம் பக்கத்து முக்கோணம்

மருந்துக்கடை அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். படித்த புத்தகத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை. மற்றபடி எல்லாம் இருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், பெரிய மருந்துக்கடையில் பதினாறு வருட வேலை, பொது நூலகத்தில் ஒரே தடவையில் மூன்று புத்தகம் எடுக்கக்கூடிய அட்டை. ஆனால் நல்ல நாவல் ஒன்றை முடித்துவிட்டு, நெஞ்சு கொள்ளாமல், "கேட்டீங்களா, இந்தக் கதையில..." என்று ஆரம்பித்தால், கணவர் இரண்டாவது வாக்கியத்தில் கொட்டாவி விடுவார். மூன்றாவது வாக்கியத்தில் குறட்டை வந்துவிடும். நல்ல மனிதர்தான், நாள் முழுக்கக் கம்பிக்கயிற்றோடும் கிரீஸோடும் மல்லுக்கட்டிவிட்டு வருகிறவரைக் குறை சொல்லவும் முடியாது. மகளோ, "படமா எடுத்தா பாக்கறேம்மா" என்று காதில் வயரை மாட்டிக்கொள்வாள். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லலாமா என்றால், தலைவலிக்கு ஒரு மாத்திரை வாங்க வந்தவனிடம் நாவல் பேசினால் அவன் இரண்டாக வாங்கிக்கொண்டு போவான்.

அப்படிப்பட்டவளுக்கு மூன்று வருடங்களுக்கு முன் ஒரு துணை கிடைத்தது. வாய் திறக்காத, முகம் தெரியாத துணை. பென்சிலால் போட்ட ஒரு முக்கோணம்.

நூலகத்தில் வாரா வாரம் கை நிறைய அள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏற்கெனவே எடுத்த புத்தகத்தையே மறந்துபோய் மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, உள்ளே எங்கேயாவது ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள். ஒருவர் பத்தாம் பக்கத்தில் புள்ளி வைப்பார். இன்னொருவர் கடைசிப் பக்க மூலையில் மீன் வரைவார். நூலகருக்கு இது தெரியும். பென்சில் என்றால் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். பேனா என்றால் ஆளைத் தேடிப் பிடித்து ஒரு பிடி பிடிப்பார்.

மருந்துக்கடை அக்கா ஒரு நாவல் எடுத்தாள். ஒரு தையல்காரி நூறு பக்கத்துக்கு ஒரே ஒரு கோட்டுச் சட்டையைத் தைத்துக்கொண்டே இருக்கிற கதை. அக்கா சொக்கிப்போனாள். அதன் நாற்பதாம் பக்கத்தின் அடியில், நகக்கண் அளவுக்கு, கோணல் மாணல் இல்லாமல் ஒரு முக்கோணம். அடுத்து எடுத்த நாவலிலும் அதே நாற்பதாம் பக்கம், அதே முக்கோணம். அதுவும் தேன். மூன்றாவதும் அப்படியே. அக்காவுக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. முக்கோணம் என்றால் மலை. மலை என்றால் உச்சி. யாரோ ஒரு பெரிய ரசிகர், இது உச்சத்துப் புத்தகம் என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்!

அதற்குப் பிறகு அலமாரியில் எந்த நாவலை உருவினாலும் முதலில் நாற்பதாம் பக்கத்தைத்தான் புரட்டுவாள். முக்கோணம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவாள். மூன்று வருடத்தில் பதினொரு புத்தகங்கள், ஒன்றுகூடச் சோடை போகவில்லை. கூடப் பிறந்த தங்கைக்குக்கூட அக்காவின் மனசு இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்பது அவளுக்கு ஆசையாக ஆரம்பித்து வெறியாகவே ஆகிவிட்டது.

நூலகரிடம் கேட்டுப் பார்த்தாள். யார் வாயைத் திறந்தாலும் "உஷ்" என்பதால் அவருக்கு 'உஷ் சார்' என்றே பெயர்.

"சார், இந்தப் புத்தகத்தை எனக்கு முன்னாடி யார் எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்களேன்."

"ஏம்மா, உங்க கடையில யார் என்ன மாத்திரை வாங்கறாங்கன்னு நான் கேட்டா சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"நானும் மாட்டேன். உஷ்."

இந்த உஷ் சார்தான் ஒருநாள், யாரும் எதிர்பாராத விதமாக, பேசுவதற்கென்றே ஒரு மேசை போட்டார். சனிக்கிழமை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை 'வாசகர் மேசை'. யார் வேண்டுமானாலும் எழுந்து, பிடித்த புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம். அறிவிப்புப் பலகையில் அதை அக்கா இரண்டு தடவை படித்தாள். மேடை என்றாலே அவளுக்குப் பயம். பள்ளியில் ஒருமுறை நன்றியுரை சொல்லப் போய், "அனைவருக்கும்" என்பதோடு இறங்கி ஓடி வந்தவள். ஆனாலும் பெயரைக் கொடுத்துவிட்டாள். முக்கோணம் கூட்டத்தில் எங்கேயாவது உட்கார்ந்திருக்கும், இல்லையா? பேசினால் கேட்கும். கேட்டால் வரும்.

முதல் சனிக்கிழமை முப்பது பேர் வந்திருந்தார்கள். அக்கா எழுந்தாள். "எனக்கு ஒரு முக்கோணத்தைத் தெரியும்" என்று ஆரம்பித்தாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்ன ரோஷம் வந்ததோ, அதற்கப்புறம் மடை திறந்ததுபோல் கொட்டித் தீர்த்துவிட்டாள். தையல்காரி, கோட்டு, நாற்பதாம் பக்கம், பதினொரு புத்தகங்கள், எல்லாம். ஐந்து நிமிடம் பதினைந்தாகியும் உஷ் சார் உஷ் சொல்லவில்லை.

"அந்த முக்கோணம் இங்க இருந்தா கையைத் தூக்குங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம், உட்கார்ந்து பேசணும். அவ்வளவுதான்."

யாரும் கையைத் தூக்கவில்லை. பல் டாக்டர் மட்டும் தூக்கினார், அதுவும் கேள்வி கேட்க.

"ஒரு சந்தேகம். அவருக்கு அவ்வளவு பிடிச்சிருந்தா ஏன் கடைசிப் பக்கத்துல போடல? எதுக்கு நாப்பதுல?"

"உங்களுக்கு எதையும் பிடுங்கிப் பாக்கணும் டாக்டர்!" என்றாள் அக்கா. சபை கொல்லென்று சிரித்தது. அவளுக்கே ஆச்சரியம், இப்படியெல்லாம் பேச வருமா தனக்கு?

ஆள் கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. அன்றைக்கே ஏழெட்டுப் பேர் அலமாரியில் பாய்ந்து நாற்பதாம் பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் முக்கோணப் புத்தகம் கேட்டு வரிசை நின்றது. உஷ் சார் வாசல் பக்கம் ஓர் அலமாரியைக் காலி செய்து, பதினொரு புத்தகங்களையும் நேராக நிறுத்தி வைத்து, மேலே சிவப்பு அட்டையில் பெரிய முக்கோணம் ஒன்றை வெட்டி ஒட்டினார். 'வாசகர் பரிந்துரை' என்று கொட்டை எழுத்தில் எழுதவும் செய்தார். மருந்துக்கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த தபால்காரர், "அக்கா, அந்தத் தையல்காரிக்குக் கடைசியில என்னதான் ஆகுது?" என்று கேட்டார். பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். "படிங்க, சொல்ல மாட்டேன்!" என்றாள். பதினாறு வருடத்தில் அந்தக் கவுன்டருக்குப் பின்னால் அவள் இவ்வளவு சந்தோஷமாக நின்றதில்லை.

எல்லோருக்கும் பிடித்ததா என்றால், அதைக் கேட்காதீர்கள். பாதிப் பேர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு "ஆழமா இருக்கு" என்றார்கள். பக்கத்துவீட்டுக்காரர் ஆஹா என்றால் நாமும் ஓஹோ என்பதுதானே வழக்கம். அக்கா அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. அவள் கண் ஒவ்வொரு முறையும் வாசலில் இருந்தது. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு அப்புறமும் முக்கோணம் வரவில்லையே. வேறு எங்காவது குடிபோயிருந்தால்? வந்தும் கூச்சப்பட்டுக் கைதூக்காமல் போயிருந்தால்?

மூன்றாவது சனிக்கிழமை. மேசையைச் சுற்றி நாற்பது பேர். தபால்காரர் எழுந்து தொண்டையைச் செருமிய நேரத்தில் கதவு படீரென்று திறந்தது. கையில் ஐந்தாறு புத்தகம், இடுப்பில் சாவிக்கொத்து, கழுத்தில் கறுப்புக் கண்ணாடி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறவள். டிரைவிங் டீச்சர் என்று எல்லோருக்கும் தெரியும். தங்கையின் பிரசவத்துக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். உள்ளே வந்தவள் வாசல் அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றாள். ஒரு புத்தகத்தை உருவி நாற்பதாம் பக்கத்தைப் பார்த்தாள். இன்னொன்றை உருவினாள்.

"இது யார் பண்ண வேலை?"

இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"உஷ்" என்றார் நூலகர்.

"உஷ் எல்லாம் அப்புறம் சார். இது என் முக்கோணம்!"

மருந்துக்கடை அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்தது. ஓடிப்போய் டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற, ஒல்லியான ஒருவரைத்தான் அவள் மூன்று வருடமாக மனதில் வைத்திருந்தாள். அது போகட்டும், யாராயிருந்தால் என்ன!

"நீங்களா! நீங்கதானா! மூணு வருஷமாத் தேடறேங்க உங்களை. நீங்க இல்லேன்னா நான் இந்தப் பதினோரு புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். எனக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஒவ்வொண்ணும்..."

"அம்மா தாயே, கொஞ்சம் பிரேக் போடுங்க" என்றாள் டீச்சர். அவள் முகத்தில் கோபம் வடிந்து குழப்பம் வந்திருந்தது. "நீங்க இதையெல்லாம் படிச்சீங்களா? முழுசா?"

"ரெண்டு ரெண்டு தடவை!"

டீச்சர் கூட்டத்தைப் பார்த்தாள். "நடுரோட்டுல வண்டி நின்னுபோனா, பின்னால என்ன வைப்பாங்க?"

"சிவப்பு முக்கோணம்" என்றார் தபால்காரர், பள்ளிப் பையன் மாதிரி.

"அதேதான். வண்டி ஓடல, கிட்ட வராதே, ஒதுங்கிப் போன்னு அர்த்தம். நான் எந்தப் புத்தகத்துக்கும் நாப்பது பக்கம் குடுப்பேன். அதுக்குள்ள கிளம்பலேன்னா முக்கோணத்தை வச்சிட்டு இறங்கிடுவேன். மறந்துபோய் மறுபடி ஏறிடக் கூடாதுல்ல? இதுல ஒண்ணக்கூட நான் முழுசாப் படிச்சதில்ல."

பல் டாக்டர்தான் ஆரம்பித்தார். "நான் அன்னிக்கே கேட்டேன்ல, எதுக்கு நாப்பதுலன்னு!" அவ்வளவுதான். நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். 'ஆழமா இருக்கு' என்று சொன்னவர்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

அக்காவுக்குக் காது மடல் கொதித்தது. கேலி கூடப் பரவாயில்லை. அவளுக்கு இருந்த ஒரே துணை போய்விட்டது. அவள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த பதினொன்றையும் அந்தத் துணை வேண்டாமென்று வழியிலேயே இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. பிடித்திருந்த கைகளை விட்டாள். மேசையில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். வெளியே போய் அழுதுகொள்ளலாம் என்றிருந்தது.

பின்னால் டீச்சரின் குரல் கேட்டது. "இந்த நாவலைப் பாருங்களேன். ரெண்டு அக்கா தங்கச்சிக்கு வீட்டைப் பாகம் பிரிக்கணும். அளக்கறதுக்கு ஒரு ஆள் வர்றான். அளக்கறான், அளக்கறான், அளந்துக்கிட்டே இருக்கான். நாப்பது பக்கம்! நானா இருந்தா டேப்பைப் பிடுங்கி அவன் தலையிலயே போட்டிருப்பேன்."

கதவின் பிடியில் வைத்த கை நின்றுவிட்டது. தன்னைச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் புத்தகத்தையா? அக்கா திரும்பினாள்.

"நாப்பத்தோராம் பக்கம் படிச்சீங்களா?"

"நாப்பதுன்னா நாப்பதுதாங்க. அதுதான் என் கணக்கு."

"நாப்பத்தோராம் பக்கத்துலதாங்க அளவு இடிக்குது!"

"இடிக்குதா?"

"வெளியில அளந்தா வீட்டு நீளம் அறுபது அடி. உள்ள அறை அறையா அளந்து கூட்டினா அம்பத்தொண்ணு. ஒன்பது அடி எங்க போச்சு?"

டீச்சர் நெற்றியைச் சுருக்கினாள். வண்டியை எடுத்துப் பழகியவளுக்கு அடிக்கணக்கு அத்துப்படி. "சுவர் தடிமனைக் கூட்டியிருக்க மாட்டான்."

"கூட்டியாச்சு! அதுக்குத்தானே நாப்பது பக்கம்? ஒவ்வொரு சுவரையும் அவன் ஏன் அவ்வளவு நிதானமா அளந்தான்? இந்த இடத்துல யாரும் 'தப்பா அளந்துட்டே'ன்னு சொல்லிடக் கூடாது, அதுக்குத்தான்! கணக்கு சரி. வீடுதான் சரியில்ல."

சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. பல் டாக்டர் வாயைத் திறந்தபடி இருந்தார்.

"அப்படின்னா," என்றாள் டீச்சர் மெதுவாக, "உள்ள எங்கயோ ஒரு..."

"சொல்லாதீங்க!" என்று தபால்காரர் அலறினார். "நான் இங்கேயே உட்கார்ந்து முப்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும் வந்திருக்கேன்!"

டீச்சர் புத்தகத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "சரி, இது தப்பிச்சிடுச்சு. அந்தத் தையல்காரி? நூறு பக்கம் ஒரே கோட்டு. அதுக்கு என்ன சொல்றீங்க? அங்கேயும் எதையாவது ஒளிச்சு வச்சிருக்காங்களா?"

"இல்ல. அங்க ஒண்ணும் நடக்காது."

"பாத்தீங்களா!"

"எனக்கு அதுதாங்க பிடிக்கும்! காலையில ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினா, 'சீக்கிரம் குடுங்க, சீக்கிரம் குடுங்க'ன்னு சாயங்காலம் வரைக்கும் காது புளிச்சுப்போகுது. எங்கேயாவது ஒருத்தி அவசரமே இல்லாம ஒரு பொத்தான் தைக்கிறதைப் பாத்தா, எனக்கு உயிரே திரும்பி வர்ற மாதிரி இருக்கு."

"எனக்கு நேர்மாறுங்க. பக்கத்துல கத்துக்கிறவர் வண்டியை இருபது கிலோமீட்டர்ல உருட்டுவாரு. நான் பிரேக்குல காலை வச்சிக்கிட்டு, உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நாள் பூரா இதுதான். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தா, அதாவது பறக்க வேணாமா?"

இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு பிடித்தார்கள் பாருங்கள் ஒரு பிடி! ஒருத்தி புத்தகத்தை எடுத்து நீட்ட, இன்னொருத்தி பிடுங்கிப் பக்கத்தைப் புரட்ட, 'ஆழமா இருக்கு' கோஷ்டியில் மூன்று பேர் துணிச்சல் வந்து, "உண்மையைச் சொல்லணும்னா எனக்கும் போரடிச்சது" என்று டீச்சர் பக்கம் சேர, தபால்காரர் அக்காவுக்காக மேசையைத் தட்ட, ஏழு மணி தாண்டிப் பத்து நிமிடமாகியும் உஷ் சார் மூடும் மணியை அடிக்கவில்லை. மணியைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்க மறந்து, "அந்தத் தங்கச்சி பண்ணதும் தப்புதான்" என்று தானே குரலை உயர்த்திவிட்டார்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. வீடு அளக்கிற நாவலை டீச்சர் மறுபடி எடுத்துப்போக வேண்டும். பதிலுக்கு, டீச்சருக்கு உயிரான ஒன்றை அக்கா படிக்க வேண்டும்.

"இதுல உங்க அடையாளம் எதுவும் இல்லையே" என்றாள் அக்கா, பழக்கத்தில் நாற்பதாம் பக்கத்தைப் புரட்டி.

"பிடிச்ச புத்தகம் மறந்தா போகும்?"

அந்த வாரம் அக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. டீச்சரின் புத்தகத்தில் முதல் வரியிலேயே கொலை. நாற்பது பக்கத்துக்குள் ஐந்து பிணம். செத்தவர்களில் ஒருவர்கூடச் சாவதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடித்ததாகத் தெரியவில்லை. யாருக்காக வருத்தப்படுவது? நாற்பதாம் பக்கத்தில் அவள் பென்சிலை எடுத்தாள். பிறந்ததிலிருந்து புத்தகத்தில் கோடு கிழிக்காதவள், சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். மாத்திரை. கசப்பு.

சனிக்கிழமை நாலரைக்கே நூலகத்துக்கு வந்துவிட்டாள். ஐந்தாயிற்று. ஐந்தரை ஆயிற்று. மேசையில் யார் யாரோ பேசினார்கள், ஒன்றும் காதில் ஏறவில்லை. போன வாரம் சூட்டில் ஒத்துக்கொண்டவள் வீட்டுக்குப் போய், அட போ என்று விட்டிருப்பாள். எதிரே இருந்த காலி நாற்காலியை யாரோ இழுக்கப் போக, "ஆள் வருது" என்று பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டாளே தவிர, நம்பிக்கை பாதிதான் இருந்தது.

ஆறு மணிக்குக் கதவு படீரென்று திறந்தது.

டீச்சர் நேராக வந்து புத்தகத்தை மேசையில் பொத்தென்று போட்டு, நாற்பதாம் பக்கத்தைத் திறந்தாள். அங்கே முக்கோணம் இல்லை. அழிரப்பரால் தேய்த்த அழுக்கு மட்டும் இருந்தது. பக்கங்களைத் தள்ளித் தள்ளி நூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தாள். அதன் அடியில் புத்தம் புதிதாக ஒரு முக்கோணம்.

"மறுபடி நின்னுபோச்சு" என்றாள். மூச்சு வாங்கியது. "அந்த ஒன்பது அடி அறைக்காக ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம படிச்சேன். கதவு கிடைச்சிடுச்சு. சாவியும் கிடைச்சிடுச்சு. திறக்க வேண்டியதுதானே? அந்தத் தங்கச்சிக்காரி வாசல்ல உட்கார்ந்து பதினோரு பக்கம் அழறா. எதுக்குங்க அழறா? எனக்கு மண்டை வெடிக்குது. வேற யார்கிட்ட போய்க் கேக்கறது நான்? நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னாதான் வண்டி நகரும்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். நூலகம் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காலி நாற்காலியைத் தன் பக்கமாக இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க" என்றாள். "கேட்டீங்களா, இந்தக் கதையில அந்தத் தங்கச்சி அழறது வீட்டுக்காக இல்ல. அவளுக்கு அந்த அறை முன்னாடியே தெரியும்."

இரண்டாவது வாக்கியம் முடிந்ததோ இல்லையோ, டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்து மேசையை ஓங்கித் தட்டினாள்.

"அது எப்படிங்க தெரிஞ்சிருக்கும்? இருங்க இருங்க, நான் ஒத்துக்க மாட்டேன்!"